பொறுப்பு, அடைப்புக்குறிக்குள்

நியமனக் கடிதத்தில்
தலைமைப் பயிற்சியாளர் என்று அச்சடித்து
பக்கத்தில் ஒரு வளைவு போட்டு
உள்ளே ‘பொறுப்பு’ என்றிருந்தது.
இரண்டு வளைவுக்கு நடுவே
கைகால் மடக்கி உட்கார்ந்த சொல்.

எனக்கு இருபத்தாறு வயது.
பந்துக்குக் காற்றடித்தேன், மூலைக்கொடி நட்டேன்,
பூட்ஸ் இல்லாதவனுக்கு இரவல் வாங்கிக் கொடுத்தேன்.
நாலு வருட அனுபவம் என்று
எழுதிக் கொடுத்தது இதைத்தான்.

ராஜய்யன் சார்
மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார்,
செவ்வாய் ராத்திரி.
வெள்ளிக்கிழமை ஆட்டம்.
விசிலை மட்டும் விட்டுப்போனார்.
அதில் பதிந்திருந்தது அவர் பல்.

"வேற ஆளு கிடைக்குற வரைக்கும்" என்றார்
முதல்வர் ஃபாதர்.
வேற ஆளு என்றால்
லைசென்ஸ் உள்ள ஆள்,
கேரளத்தில் ஆடின ஆள்,
தொண்டை உள்ள ஆள்.
என் குரல் நடுக்கோடு தாண்டாது.

பதினோரு பெயர் எழுத உட்கார்ந்தேன்.
அவர் சொல்லச் சொல்ல எழுதிய அதே கை.
சொல்ல ஆளில்லாதபோது
பந்து வராத விங்கர் மாதிரி
ஓரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது பேனா.
எனக்குத் தெரிந்தவை வேறு.
ஜெனிஸ்டன் கணுக்கால் வீக்கத்தை
சாக்ஸுக்குள் மறைக்கிறான்.
பிரைட்டன் வெறும் வயிற்றோடு வந்து
தின்னாச்சு என்பான்.
அப்பாவோடு கடலுக்குப் போன மறுநாள்
ரெக்ஸுக்கு இடது தோள் எழும்பாது,
கால் மட்டும் பேய்.
இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுத?

ஜெனிஸ்டன் கேப்டன். என் மாமா மகன்.
அவன் பெயரைத்தான் முதலில் எழுதினேன்.

பாளையங்கோட்டைக்காரர்கள்
எங்கள் பிள்ளைகளைவிட ஒரு சாண் உயரம்.
இடைவேளைக்குள் இரண்டு கோல்.
தடுப்புப் பாறைமேல் உட்கார்ந்திருந்த
குளச்சலில் பாதி
"எலே, கோச்சு யாரு மக்கா?" என்று
எனக்குக் கேட்கும்படி கேட்டது.

பையன்கள் வட்டமாக நின்றார்கள்.
நான் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.
கை தன்பாட்டுக்குப் போயிருக்கிறது.
கோல்கீப்பர் டெனிசன் பாட்டிலைப் பிடுங்கினான்.
"இதை நாங்க பிடிச்சுக்கிடுவோம்.
நீங்க ஏதாவது சொல்லுங்க."
கொஞ்சம் பிந்தி
"சார்" என்று சேர்த்துக்கொண்டான்.
நேற்றுவரை அண்ணன்.

ஏதாவது.

மூலைக்கொடியைப் பார்த்தேன். நான் நட்டது.
துணி கிழக்கே விறைத்து நின்றது.
"இனி காத்து நம்ம முதுகுல. தூரத்துலேந்தே அடிங்க.
ரெக்ஸ், எறங்கு.
ஜெனிஸ்டா,
நீ இரி."

அவன் தன் சாக்ஸைப் பார்த்தான், பிறகு என்னை.
கேப்டன் பட்டையைக் கழற்றி
என் கையில் தரவில்லை,
மணலில் வைத்தான்.

ரெக்ஸ் முப்பது கெஜத்திலிருந்து ஒன்று அடித்தான்.
கடல்காற்று அதை வாங்கி
கூட இரண்டடி தள்ளிக் கொடுத்தது.
பாறை முழுக்க எழுந்து நின்றது.
இன்னொன்று கம்பத்தில் பட்டது.
அதை எழுதக் கட்டமில்லை.

தோற்றோம், ஒன்றுக்கு இரண்டு.
ஃபாதர் கை கொடுத்து "பாப்போம்" என்றார்.
அந்தச் சொல்லுக்கும் இரண்டு பக்கம் வளைவு.
வெள்ளி ராத்திரி அத்தை வீட்டிலிருந்து வரும்
மீன்குழம்பு வரவில்லை.

சனி காலை ஐந்தரை.
பதினாலு பந்துக்கும் காற்றடித்தேன்.
உதவிக்கு ஆளில்லை, உதவி நான்தான்.
பதிவேட்டில் தலைமைக்கு ஒரு கட்டம்,
உதவிக்கு ஒரு கட்டம்.
இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

பத்தரைக்கு ஆபீஸ் கோலப்பன்
பதிவேட்டைத் திருப்பி அனுப்பினார்,
பென்சிலில் ஒரு வரியோடு:
இரண்டும் ஒரே ஆள் போட்டதாகத் தெரியவில்லை.
சரிபார்க்கவும்.